சத்தம் போடாத குக்கர்

அன்று பள்ளி வேன் வர அரை மணி நேரம்கூட இல்லை. பருப்பு வெந்திருக்கும் என்று அடுப்பை அணைத்தேன். குக்கரில் ஆவி தானாக அடங்கும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. கரண்டியால் வெயிட்டைத் தூக்கினேன். புஸ்ஸென்று கொஞ்சம் ஆவி வந்து நின்றுவிட்டது. துவாரத்தில் பருப்பு நுரை அடைத்துக்கொண்டிருந்தது எனக்கு அப்போது தெரியாது. ஆவி போய்விட்டது என்று நினைத்து மூடியைத் திருகினேன். அசையவில்லை. அத்தோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. கைப்பிடித் துணியைச் சுற்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் திருகினேன்.

என் மகளுக்குப் பத்து வயது. சீப்பை எடுத்துக்கொண்டு, தலை பின்னிக்கொள்ள என் வலப்பக்கம் வந்து நின்றாள்.

"மா, பின்னி வுடு, வேன் வந்துடும்" என்றாள். அதுதான் நான் கேட்டது. அதற்கடுத்துக் கேட்டதை எழுத முடியாது.

மூடி கூரையில் மோதி விழுந்தது. கொதிக்கிற பருப்பு அவள் வலது கையில், முழங்கையின் உள்பக்கத்தில், கழுத்தோரத்தில் விழுந்தது. எனக்கு இரண்டு விரல்களில் கொப்புளம். அவ்வளவுதான். எனக்கு அவ்வளவுதான் என்பதை இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

குளியலறையிலிருந்து என் கணவர் ஈரத்தோடு ஓடிவந்தார். முன்னறையிலிருந்து மாமனார் வந்தார். "இன்னா ஆச்சி? இன்னா ஆச்சி?" என்று கணவர் கத்தினார்.

"வால்வு போயிடுச்சிங்க. தானா வெடிச்சிடுச்சி" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் திறந்தபோது அதுதான் வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோதும் அதையே சொன்னேன். அவர் என் மகளிடம் குனிந்து, "எப்படிம்மா ஆச்சு?" என்றார். வலியில் உதடு நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளை என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். "தானா வெடிச்சிடுச்சி" என்றாள்.

பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தெளிவாகச் சொன்னார். கழுத்துப் புண் ஆறிவிடும். முழங்கையின் உள்பக்கம் ஆழமாக வெந்திருக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வர வேண்டும். மூன்று வாரத்தில் தோல் மூடிக்கொண்டு வரவில்லை என்றால் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும். "மருந்து நான் குடுக்குறேன். தோல் வளர்றதுக்கு சாப்பாடு நீங்கதான் குடுக்கணும். முட்டை, பருப்பு, கறி, எலும்பு சாறு. நல்லா சாப்பிட வைங்க. எடை குறையக் கூடாது" என்றார்.

அதைத்தான் என்னால் செய்ய முடியவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று மாலை பால் காய்ச்சக் கேஸ் அடுப்பைத் திருகினேன். நீல நெருப்பு பக்கென்று பிடித்ததும் கை மரத்துப்போனது. அணைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். மறுநாள் கணவர் உப்புமா கிளறினார். கடுகு வெடித்த சத்தத்துக்கு உள்ளறையிலிருந்து மகள் அலறினாள். போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, "வேணாம்பா, வேணாம்பா" என்று கத்தினாள். பக்கத்து வீட்டில் விசில் வந்தாலும் அப்படித்தான். நாங்கள் ஜன்னல்களைச் சாத்தி வைத்தோம்.

ஒரு வாரம் ஓட்டல் சாப்பாடு. மாமனார் தினமும் காலையில் இட்லி வாங்கி வருவார். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் பண்ணியவர் அவர். மாமியார் போன பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எங்களோடு வேங்கிக்காலுக்கு வந்துவிட்டார். மூன்று வேளையும் கெட்டியாக, காரமாக, வயிறு நிறையச் சாப்பிட்டுப் பழகியவர். அவர் அந்த இட்லியைப் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிடுவதைப் பார்க்க எனக்குக் கூசியது. மகள் ஒரு இட்லியில் பாதியை வைத்துவிடுவாள். கட்டு மாற்றப் போனபோது எடை பார்த்தார்கள். ஒரு கிலோ இறங்கியிருந்தது.

அன்று மத்தியானம் போனை எடுத்து, 'சத்தம் வராத குக்கர்' என்று தேடினேன். பைத்தியக்காரத்தனமாகத்தான் தேடினேன். ஆனால் அப்படி ஒன்று இருந்தது. ஸ்லோ குக்கர் என்று பெயர். நெருப்பு இல்லை, விசில் இல்லை, உள்ளே அழுத்தம் ஏறுவதில்லை. பீங்கான் பாத்திரம், கண்ணாடி மூடி, கரண்டில் ஓடும். ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் மெதுவாக வேகும். வெளிநாட்டுப் பெண்ணொருத்தி அதில் எலும்போடு கறியைப் போட்டு மூடிவிட்டு வேலைக்குப் போகிற வீடியோவை நான் ஐந்தாறு தடவை பார்த்தேன். அவள் திரும்பி வந்து மூடியை எடுக்கும்போது எதுவும் நடக்கவில்லை. அதற்காகவே திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

நான்கு நாளில் பெட்டி வந்தது. மாமனார் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, பூச்செடி வைக்கிற தொட்டி மாதிரி இருக்குது?"

"கறி, பருப்பு எல்லாம் இதுலயே வெந்துடும் மாமா. காலைல வச்சா மத்தியானம் எடுக்கலாம்."

"காலைல வச்சி மத்தியானமா? அதுக்குள்ள ஆடே வளந்துடுமே" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லீவு முடிந்திருந்தது. ஒரு அரசு அலுவலகத்தில் மனுக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் ஒப்பந்த வேலை எனக்கு. போகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். நல்லவேளையாக வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். காலையில் குக்கரை வைத்துவிட்டுப் போய், மத்தியான இடைவேளையில் வந்து மகளுக்கு ஊட்டிவிட்டுத் திரும்பிவிடலாம். பகலில் மாமனார் அவளோடு இருப்பார். கணவர் கீழ்பென்னாத்தூரில் டிராக்டர் உதிரிபாகக் கடையில் வேலை செய்கிறார். எட்டு மணிக்குப் போனால் இருட்டித்தான் வருவார்.

முதல் நாள் சாம்பார் வைத்தேன். பருப்பு, காய், புளி, தூள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு நிறையத் தண்ணீர் ஊற்றினேன். மத்தியானம் வந்து பார்த்தால் கத்தரிக்காய் கரைந்துபோயிருந்தது, பருப்பு கல்லாக இருந்தது. புளி சேர்ந்தால் பருப்பு வேகாது என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் அந்த நாட்களில் எனக்குத் தெரிந்ததெல்லாம் என்னை விட்டுப் போயிருந்தது.

அடுத்த நாள் ஆட்டுக்கறி. வெந்துதான் இருந்தது. ஆனால் தண்ணீர் சுண்டவே இல்லை. மிளகாய்த்தூள் பச்சை வாசனை அடித்தது. மகள் ஒரு வாய் வாங்கினாள். மென்றாள். முகத்தைச் சுளித்து என் உள்ளங்கையில் துப்பிவிட்டாள்.

"தண்ணி குழம்பு மா. வாந்தி வருது."

"ஒரே ஒரு வாய் கண்ணு. கறி மட்டும்."

"வேணாம் மா."

மூன்றாவது முறை வைத்த அன்று, நான் அலுவலகம் போன கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது. மாமனாருக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. மத்தியானம் வந்து மூடியை எடுத்தேன். பாதி வெந்த கறி வெதுவெதுப்பாக, ஒருமாதிரி வாடையோடு கிடந்தது. ஒரு கிலோ கறி. நல்லி எலும்பாகப் பார்த்துப் பார்த்து வாங்கியது. துணி துவைக்கிற இடத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டினேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று மகளுக்கு மத்தியானச் சாப்பாடு இரண்டு பிஸ்கட். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு மனுக்களை ஏற்றப் போனேன்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. தண்ணீரைப் பாதியாகக் குறைத்தேன். பருப்பை முன்கூட்டியே ஊறவைத்துத் தனியாகப் போட்டேன். வெங்காயம், தக்காளி, இஞ்சி, பூண்டோடு மிளகையும் தனியாவையும் வறுக்காமலேயே நைசாக அரைத்து, நல்லெண்ணெயில் பிசைந்து கறியில் தடவி வைத்தேன். நடுவில் மூடியைத் திறக்கக் கூடாது, திறந்தால் சூடு போய் இன்னும் நேரம் பிடிக்கும் என்று மாமனாருக்குச் சொல்லி வைத்தேன். தாளிப்பு இல்லாமல் அவருக்கு இறங்கவில்லை. ஒருநாள் அவரே சின்ன வாணலியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"மேல் வீட்ல போய் தாளிச்சிகினு வரேன். கொழந்தைக்கு சத்தம் கேக்காது."

வாழ்க்கையில் அடுப்புப் பக்கம் போகாத மனிதர். மாடி வீட்டு அம்மா, பெரிய பக்தி, பௌர்ணமிக்குப் பௌர்ணமி விரதம் இருந்து மலை சுற்றுகிறவர், "பெரியவரே, கடுகு கருகுது, கடுகு கருகுது" என்று சொல்வது கீழே கேட்கும்.

குழம்பு நன்றாகவே வந்தது. எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்று விழுந்தது. சோறு மட்டும் ஓட்டலிலிருந்து வரும்; அன்று மாமனார் இரண்டு முறை சோறு வாங்கினார். கணவர் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மிச்சம் இருக்கிறதா என்று போனில் கேட்டார். மகள் மட்டும் சாப்பிடவில்லை. ஒரு வாய், இரண்டு வாய், அப்புறம் உதட்டை இறுக்கிக்கொள்வாள். நான் கெஞ்சினேன். மிரட்டினேன். ஒருநாள் தட்டைத் தரையில் அடித்தேன். அவள் அழவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்த எடை இன்னும் அரைக் கிலோ கம்மி.

"மூடவே இல்லையே" என்றார் டாக்டர், முழங்கையைப் பார்த்து. "வீட்ல என்ன சாப்பிடறா?"

நான் வைத்த குழம்புகளைச் சொன்னேன். அவள் வாய்க்குள் எதுவும் போகவில்லை என்பதைச் சொல்லவில்லை. அங்கேயும் ஒரு பொய்.

அடுத்த கட்டு ஒரு பௌர்ணமி நாளில் வந்தது. மத்தியானமே மலை சுற்ற வெளியூர்க்கூட்டம் இறங்கிவிட்டது. ஊருக்குள் போகிற வழியெல்லாம் தடுப்பு வைத்துவிட்டார்கள். எங்கள் ஆட்டோ ஒரு சந்திலிருந்து இன்னொரு சந்துக்குத் திரும்பி, கடைசியில் பஸ்களுக்கு நடுவே அசையாமல் நின்றுவிட்டது. வெயில். கட்டுக்குள் அவளுக்கு எரிந்தது. என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள்.

"மா."

"இன்னாடா கண்ணு?"

"நான் டாக்டர்கிட்ட பொய் சொன்னேன்ல. அதனாலதான் ஆறலயா?"

"யார் சொன்னாங்க அப்படி?"

"யாரும் சொல்லல. மேல் வீட்டு பெரிம்மா சொன்னாங்க, சாப்புடாம விரதம் இருந்தா பண்ண தப்பெல்லாம் போயிடும்னு."

"அதுக்கா நீ சாப்புடாம இருந்த?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வாந்தியும் வருது. ஆனா அதுக்கும்தான்."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தவர், சட்டென்று தலையை வெளியே திருப்பிக்கொண்டார்.

"அது உன் பொய் இல்லம்மா. என் பொய். மூடிய நான்தான் புடிச்சி திருகினேன்" என்றேன்.

"தெரியும். நான் பாத்துகினுதான இருந்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"அப்பா உன்ன அடிச்சிடுவாருன்னு."

என் கணவர் என்னை அடித்தவர் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை, சதை வெந்துபோய்க் கிடந்த நேரத்தில், யாரும் என்னை அடித்துவிடக் கூடாதே என்று கணக்குப் போட்டிருக்கிறாள். நான் வாரக்கணக்கில் பருப்பையும் கறியையும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனது. கட்டைப் பிரிப்பதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட்டேன். ஆவி இருக்கும்போதே மூடியைத் திருகியது நான்தான், பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்ததும் நான்தான் என்றேன். அவர் கையுறை போட்டுக்கொண்டே, "குக்கர் கேஸ்ல பாதி பேர் தானா வெடிச்சதுன்னுதான் சொல்வாங்கம்மா" என்றார். பிறகு என் மகளிடம் திரும்பி, "பொய்க்கும் புண்ணுக்கும் சம்பந்தமே இல்ல. சோத்துக்கும் புண்ணுக்கும்தான் சம்பந்தம். புரியுதா?" என்றார். அவள் தலையாட்டினாள்.

வீட்டில் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அன்று கணவர் வந்து உட்கார்ந்ததும் அவரிடமும் மாமனாரிடமும் சொன்னேன். கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைக்கு வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் குக்கர் செஞ்சவன திட்டிகினு இருந்தேன்டி நான்" என்றார். எழுந்து போய் வாசலில் வண்டிமேல் உட்கார்ந்துகொண்டார்.

மாமனார்தான் பேசினார். "அவசரம் எல்லாருக்கும்தாம்மா. கை தவறுறதும் எல்லாருக்கும்தான். அத நான் ஒண்ணும் சொல்லல. ஒரு கொழந்தய பொய்ய சுமக்க வச்சிட்டியே."

மூன்று நாள் அவர் என் கையால் சாப்பிடவில்லை. வேளாவேளைக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓட்டலுக்குப் போய்வந்தார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டும் போகவில்லை.

நான் உண்மையைச் சொன்ன மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் கறியைத் தடவிக் குக்கரில் போட்டேன். மகளைக் கூப்பிட்டேன். சமையலறை வாசல்வரைதான் வந்தாள். அங்கேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தேன்.

"மூடி கண்ணாடிதான். உள்ள இன்னா நடக்குதுன்னு தெரியும். பாரு."

நெடுநேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு கண்ணாடியில் முத்து முத்தாக நீர் கட்டியது. ஓரத்தில் ஒரு சின்னக் குமிழ் வந்து உடைந்தது. இன்னொன்று. மகள் நாற்காலியை ஒரு அடி முன்னால் நகர்த்திக்கொண்டாள். நடுவில் போய்ப் படம் வரைந்தாள், திரும்பி வந்து பார்த்தாள். நேரமானதும் நான் கேட்டேன்.

"திறக்கப் போறேன். உள்ள போறியா?"

"இல்ல. இங்கயே இருக்கேன். மெதுவா திற."

மெதுவாகத்தான் திறந்தேன். மூடியிலிருந்து தண்ணீர் சொட்டியது, ஆவி மேலே போனது. அவள் கண்ணை இறுக மூடியிருந்தாள். பிறகு ஒரு கண்ணைத் திறந்தாள்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அன்று ஆறு வாய் சாப்பிட்டாள். அடுத்த நாள் ஒரு சின்னக் கிண்ணம் சோறு. அதிசயம் ஒன்றுமில்லை. சில நாள் மறுபடி துப்பினாள். ஆனால் விரதம் என்று ஒன்று இனி இல்லை. தட்டப்பயறும் கருவாடும் போட்டுக் குழம்பு, அவித்த முட்டைகளைக் கீறிப்போட்ட கிரேவி, கால் சூப், கம்பும் பாசிப்பருப்பும் குழையக் குழைய வெந்த கஞ்சி என்று அந்தப் பீங்கான் பாத்திரம் தினமும் ஓடியது. எடை முந்நூறு கிராம் ஏறியது. பிறகு இன்னும் நானூறு.

ஆனாலும் முழங்கை மூடவில்லை. தோல் ஒட்டத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்ட அன்று, நான் தொலைத்த அந்த வாரங்களைத்தான் நினைத்தேன். முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் சாப்பிட்டிருப்பாள், தோலும் வளர்ந்திருக்கும் என்று மனசு அடித்துக்கொண்டது. டாக்டர், "அப்படிச் சொல்ல முடியாதும்மா, முதல்லயே ஆழமான காயம்தான்" என்றார். அவர் சொன்னது நிஜமாகவும் இருக்கலாம், என்னைப் பார்த்துப் பாவப்பட்டுச் சொன்னதாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது.

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே கணவர் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அத்தனை நாளும் அவர் என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசினார். "காலைல எதுனா சாப்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவரும் சாப்பிட்டிருக்கவில்லை. இரண்டு பேரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் மகளோடு வார்டில் தங்கியதால் வீட்டில் சமைக்க ஆளில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் மாமனார் ஒரு தூக்குவாளியோடு வந்து நின்றார். பஸ்ஸில் சிந்தாமல் இருக்கத் துண்டால் சுற்றிக் கட்டியிருந்தார். அவிழ்த்தால் ஆட்டுக்கால் சூப். எலும்பு தெரிய வெந்திருந்தது.

"நீங்களா வச்சீங்க மாமா?"

"பின்ன? நீ செய்யறத பாத்துகினுதான இருந்தேன். காலைல போட்டுட்டு மூடிய தொடவே இல்ல." வாளியை என் பக்கம் நகர்த்தி, "உப்பு கம்மியாதான் இருக்கும். உனக்கும் சேத்துதான் கொண்டாந்தேன், குடி" என்றார்.

உப்பு ஜாஸ்தியாக இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரு சொட்டு விடாமல் குடித்தோம்.

ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். ஒட்டிய தோல் கறுத்தால் பிடிக்கவில்லை என்று அர்த்தம், மறுபடி முதலிலிருந்து என்று நர்ஸ் சொல்லியிருந்தார். கடைசிச் சுற்றுத் துணி ஒட்டிக்கொண்டு வந்தபோது மகள் என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தாள். நான் பார்க்கவில்லை. டாக்டர் குனிந்து பார்த்தார். விரலால் ஓரத்தை மெல்லத் தொட்டார்.

"புடிச்சிருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு பல மாதம் ஆகிவிட்டது. அவள் கை இன்னும் முழுதாக நீளவில்லை. தினமும் காலையில் எண்ணெய் போட்டு நீவி, வலிக்க வலிக்க மடக்கி நீட்ட வேண்டும். அது என் வேலை. சில நாள் வலி தாங்காமல், "உன்னாலதான்" என்று கத்துவாள். ஆமாம் என்பேன். அடுத்த மடக்குக்கு அவளே கையை நீட்டுவாள்.